யாருக்கு வேணும் என்று கேட்டவர்

நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஆஸ்பத்திரியின் சர்வர் அறை வாசலில் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ செருப்போடு உள்ளே போய்வந்திருக்கிறார்கள். கூட்டுகிற அம்மாள் என்று நினைத்துக்கொண்டு, “கம்ப்யூட்டர் மேடம் எங்கம்மா?” என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

“யாருக்கு வேணும்?”

“லேப்புக்கு.”

“லேப்புல யாருக்கு?”

“எனக்குத்தான். புதுசா சேர்ந்திருக்கேன். பாஸ்வேர்டு வாங்கிக்கணும்.”

துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டுப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி எழுந்தார். “அப்படிச் சொல்லு. லேப்புக்குன்னு பாஸ்வேர்டு குடுத்தா அது யாரோடதும் இல்லாம போய்டும்” என்றார். என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார். நான் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டதைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஹைவேயை ஒட்டி இருந்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரி அது. வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்பில் கால் வெந்தவர்கள், ஷூ கம்பெனியில் மெஷினில் விரல் கொடுத்தவர்கள், சுற்றுப்பட்டுக் கிராமத்துக் கர்ப்பிணிகள், காய்ச்சல்காரர்கள் என்று காலையிலிருந்தே வாசல் நிறைந்துவிடும். அத்தனை பேருடைய ரத்த ரிசல்ட்டும் மருந்துச் சீட்டும் டிஸ்சார்ஜ் காகிதமும் ஒரே ஒரு பொதுக் கம்ப்யூட்டரில், அதாவது சர்வரில், இருந்தன. அந்தச் சர்வர் அவர் பொறுப்பில் இருந்தது.

எல்லோரும் அவரை ‘சிஸ்டம் மேடம்’ என்பார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணியம்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பருத்திப் புடவைக்குக் கீழே கறுப்பு ஷூ போட்டிருப்பார். எக்ஸ்போர்ட்டுக்குப் போகாமல் கழித்துப்போட்ட ஜோடி. இடது ஷூ கொஞ்சம் பெரிது என்று உள்ளே பஞ்சு வைத்திருந்தார். படித்தது பி.யு.சி. பல வருடம் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் நோயாளிகளின் ஃபைல்களை எடுத்துக்கொடுக்கும் கிளார்க்காக இருந்தவர். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சி.டி.க்களைப் போட்டுப்போட்டுப் பார்த்துத் சர்வரை இயக்குகிற லினக்ஸைத் தானாகவே கற்றுக்கொண்டார். அதனால் சென்னையிலிருந்து வரும் என்ஜினீயர்கள் அவரிடம் கொஞ்சம் உரக்கப் பேசுவார்கள், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல. அவர் மெதுவாகவே பதில் சொல்வார்.

நான் சேர்ந்த சில மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு இன்டர்நெட் லைன் வந்தது. வந்த ஒரு மாதத்துக்குள் லைன் கொடுத்தவர்களிடமிருந்து புகார்க் கடிதமும் வந்தது. எங்கள் மெஷினிலிருந்து யார் யாருக்கோ ஆயிரக்கணக்கில் விளம்பர மெயில் போகிறது, நிறுத்தாவிட்டால் லைனைத் துண்டித்துவிடுவோம் என்றார்கள். வெளியே இருந்த எவனோ உள்ளே புகுந்து எங்கள் சர்வரைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தான். மேடம் அதை நிறுத்திவிட்டார். ஆனால் இன்னொருவன் வர இன்னொரு வழி இருக்கும் என்று அவரே நிர்வாக அதிகாரியிடம் சொன்னார். அந்த அதிகாரியை நாங்கள் அட்மின் சார் என்போம். ராணுவத்தில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. எந்த வேலைக்கும் ஒரு தேதி வேண்டும் அவருக்கு.

விஷயம் இதுதான். முதன்முதலில் அந்தச் சர்வரில் லினக்ஸ் போட்ட சென்னைக் கம்பெனிக்காரர்கள், தேவையானதை ஒவ்வொன்றாகப் பொறுக்க நேரமில்லாமல், இருப்பது எல்லாவற்றையும் போடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு தனிப் பொட்டலம்போல வரும்; பேக்கேஜ் என்பார்கள். எங்கள் சர்வரில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. சீட்டாட்டம் இருந்தது. நட்சத்திரம் பார்க்கிற புரோகிராம் இருந்தது. நாங்கள் கேள்விப்பட்டே இராத நாட்டு மொழிகளின் எழுத்துருக்கள் இருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் வெளியாள் நுழைய ஒரு கதவு ஆகலாம். தேவையில்லாததை எடுத்துவிட வேண்டும். எது தேவையில்லாதது?

சென்னை என்ஜினீயர் போனிலேயே சொன்னார்: “ஒரு மணி நேரம் குடுங்க மேடம், எல்லாத்தையும் தூக்கிடறேன்.”

“எத தூக்குவீங்க?”

“ஆஸ்பிட்டலுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியாதா?”

“எனக்கே தெரியாதுங்க” என்றார் மேடம்.

முழுப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்தார். ஓரத்தில் ஓட்டை போட்ட தொடர் காகிதம்; மடித்தால் ஒரு கை உயரம் வந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலோடு ஆஸ்பத்திரி முழுக்க நடக்க ஆரம்பித்தார். தானாக அடையாளம் தெரிந்த ஆட்டம் பாட்டமெல்லாம் முதல் வாரத்திலேயே போய்விட்டன. மீதியை ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டார். பேக்கேஜின் பெயரைச் சொல்ல மாட்டார். அது செய்கிற வேலையைச் சொல்வார். “இந்த மாதிரி நீளக் காகிதத்துல பிரிண்ட் வருதே, யாருக்காவது வேணுமா?” வேண்டும் என்றால் நீலம். வேண்டாம் என்றால் உடனே எடுத்துவிட மாட்டார். ஒரு வாரம் நிறுத்தி மட்டும் வைப்பார். ஒவ்வொரு பிரிண்டர் பக்கத்திலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: ‘இன்று முதல் ஒன்றை நிறுத்தியிருக்கிறேன். உங்கள் வேலை ஏதாவது நின்றுபோனால் என்னைக் கூப்பிடவும்.’ கீழே அவர் பெயரும் போன் எக்ஸ்டென்ஷன் நம்பரும். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டைக்கூடப் போன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிடுவார். ஒருவரும் கூப்பிடாவிட்டால்தான் சிவப்பு.

எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. “மேடம் இன்னிக்கு யார் வீட்டுக் கதவத் தட்டப் போறாங்க?” என்று பேசிக்கொள்வோம்.

ஒருமுறை மட்டும் சிரிக்க முடியவில்லை. விடியற்காலையில் தானாக ஓடி ஒரு பட்டியலைப் பிரிண்ட் எடுக்கிற பழைய புரோகிராம் ஒன்று இருந்தது. ஆபீஸ், ஃபார்மசி, வார்டு, எல்லோரும் எங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். அட்மின் சாரும் வேண்டாம் என்றார். மேடம் கேட் வாட்ச்மேனிடம் போய் நின்றார். வாட்ச்மேன், “அதுவா? காலைல கூட்டுறவங்களுக்கு வரும் மேடம். யாருக்கு எந்த வார்டுன்னு. அதப் பாத்துத்தான் உள்ள போவாங்க” என்றார். அந்தப் பெண்கள் கான்ட்ராக்ட்காரர்கள். ஆபீஸ் திறக்குமுன்பே வந்து, வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறவர்கள். யாருக்கு எந்த இடம் என்பது காகிதத்தில் இல்லையென்றால் மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். பிடிக்காதவருக்குத் தினமும் கக்கூஸ். மேடம் அந்த வரியில் நீலக் கோடு போட்டார். ஒரு கோடு போதும். இரண்டு போட்டார்.

லேப்புக்கு அவர் வந்தது ஒரு புதன்கிழமை. லேப்பைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் டாக்டரம்மா லீவு. நான்தான் இருந்தேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ரிசல்ட் ஃபைல சர்வருக்கு அனுப்புற பழைய புரோகிராம் ஒண்ணு இருக்குதே, அது இன்னும் வேணுமா? இப்போதான் நேரா புதுசுல டைப் பண்றீங்களே.”

அது லேப் வேலைக்கு வேண்டியதில்லை. புதுப் புரோகிராம் வந்தபிறகு யாரும் அதைத் தொடுவதில்லை, என்னைத் தவிர. என் தம்பி பாட்டு சி.டி.க்கள் கொடுப்பான். லேப் கம்ப்யூட்டரில் இடம் கம்மி. அதனால் நான் அந்தப் பழைய வழியில் பாட்டுகளைச் சர்வருக்கு அனுப்பி, ரிசல்ட் ஃபோல்டருக்குள்ளேயே இன்னொரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் ஸ்லைடு ஸ்லைடாக ரத்தச் செல் எண்ணும்போது, ஒவ்வொன்றாக இறக்கி மெதுவாக வைத்துக் கேட்பேன். அந்த நாளில் எனக்கு இருந்த ஒரே சுகம் அது.

“வேணும் மேடம்” என்றேன்.

“வேணுமா?”

“ஆமா மேடம். இருக்கட்டும்.”

பட்டியலில் அந்த வரியைத் தேடினார். பிறகு பென்சிலைத் திருப்பி நீலமுனையால் கோடு போட்டுவிட்டுப் போனார்.

அந்த வேலை மூன்று மாதத்துக்குமேல் இழுத்தது. அட்மின் சார் தேதிமேல் தேதி சொல்லிப் பார்த்தார். ஒருநாள் கேன்டீனில் நானே கேட்டேன். “ஏன் மேடம் இவ்ளோ பேஜார்? எடுத்துட்டு, எவனாவது கத்தினா திருப்பிப் போட்டுக்கக் கூடாதா?”

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“ரெக்கார்டு ரூம்ல இருந்தேன் இல்ல, தொண்ணூத்தாறோ ஏழோ. ஃபைல் வைக்க இடமில்ல. பத்து வருஷமா வராதவங்க ஃபைல எடுத்துடுன்னு ஆர்டர். நான்தான் லிஸ்ட் போட்டேன். நம்பர் பாத்து டிக் அடிச்சு அடிச்சு, ரெண்டு வேன் பழைய பேப்பர்காரனுக்குப் போச்சு. ரூம் பளிச்சுனு ஆயிடுச்சு. எல்லாரும் பாராட்டினாங்க. அடுத்த வருஷம் ஒரு ஆளு வந்தாரு. வாணியம்பாடி பக்கம் ஷெட்டுல வேல. கால்ல புண்ணு, காய்ச்சல். சின்ன வயசுல இங்க அட்மிட் ஆனேன், ஏதோ ஒரு ஊசி ஒத்துக்கலன்னு எங்கம்மா சொல்லும், இன்னா ஊசின்னு தெரியாதுன்னாரு. டாக்டர் ஃபைல் கேட்டு ஆள் அனுப்பினாரு. இல்லன்னு எழுதி அனுப்பினேன். டெஸ்ட் டோஸ் போட்டுப் பாத்துட்டுத்தான் போட்டாங்க. அப்படியும் போய்ட்டாரு. அரை மணி நேரத்துல.”

டம்ளரை மேஜைமேல் வைத்தார்.

“அவர் நம்பர் என் லிஸ்ட்ல இருந்துது. என் டிக் இருந்துது. அந்த ஃபைல்ல ஊசி பேர் எழுதியிருந்துதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? ஒருவேள ஒண்ணுமே எழுதியிருக்காது. அதப் பாக்கவே முடியாது இல்ல? அதுதான்.” டீயை ஒரே மடக்கில் குடித்தார். “யாரும் என்ன ஒரு வார்த்த கேக்கல. ஆர்டர் போட்டவரையும் கேக்கல.”

அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்யவில்லை. ஆனால் அந்தப் பழைய புரோகிராம் எனக்கு வேண்டாம் என்று போய்ச் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை நினைத்தேன். மத்தியானம் ஆனதும் பாட்டு போடுவேன், மறந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை காலையில் நான் வேலைக்கு வந்தபோது லேப் கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. வார்டிலும் வரவில்லை. ஃபார்மசியில் கூட்டம் வாசல் தாண்டி நின்றது. சர்வர் அறையில் மேடம் நின்றபடியே தட்டிக்கொண்டிருந்தார். நாற்காலி பின்னால் இருந்தது. உட்கார ஞாபகம் இல்லை. இன்டர்நெட் வழியாக எவனோ சர்வருக்குள் வந்து, தான் வந்த தடத்தை மறைப்பதற்காகவோ வெறும் விளையாட்டுக்காகவோ, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போயிருந்தான்.

சனிக்கிழமைதோறும் மேடம் எல்லாவற்றையும் ஒரு நகல் டேப்பில் எடுத்து வைப்பார். அதனால் போன சனிக்கிழமை வரைக்கும் இருந்தது திரும்பக் கிடைத்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் ரிசல்ட்டும் போய்விட்டது. முன்பு ஒரு ரிஜிஸ்டரில் கையாலும் எழுதுவோம். கம்ப்யூட்டர் வந்தபிறகு இரண்டு இடத்தில் எதற்கு என்று நாங்களே அதை நிறுத்திவிட்டிருந்தோம். பழைய சாம்பிள்களைக் கொட்டியாகிவிட்டது. ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் எல்லோரும் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது.

அதில் ஒரு பெண் குழந்தை. ஆறு வயது இருக்கும். ரத்தத்தில் ஏதோ கோளாறு. வாராவாரம் செவ்வாய்க்கிழமை எடுத்துப் பார்க்க வேண்டும், வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு. அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார்.

“முந்தாநேத்துதானேம்மா குடுத்தோம்?” என்றார்.

“கம்ப்யூட்டர் ரிப்பேருங்க. இன்னொரு தடவ எடுக்கணும்.”

“இதுக்கு நரம்பே கெடைக்கறதில்லம்மா. போன தடவையே மூணு எடத்துல குத்தினீங்க.”

குழந்தையின் கையை எடுத்து வைத்துக்கொண்டேன். குச்சிபோல இருந்தது. செவ்வாய்க்கிழமை குத்திய இடங்கள் இன்னும் நீலமாக இருந்தன. இடது கையில் கிடைக்கவில்லை. வலது கையில் கிடைக்கவில்லை. கடைசியில் புறங்கையில் எடுத்தேன். குழந்தை அழவில்லை. ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அன்று எனக்கு இன்னும் காரணம் தெரியாது. திங்கட்கிழமைதான் தெரிந்தது. அட்மின் சார் அறையில் கூப்பிட்டார்கள். எங்கள் டாக்டரம்மா, நான், மேடம், சென்னை என்ஜினீயர். அவர் வெள்ளிக்கிழமையே வந்து, மிச்சமிருந்த தடத்தையெல்லாம் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“ஃபைல் அனுப்புற பழைய புரோகிராம் ஒண்ணு ஓடிட்டு இருந்துது சார். அது வழியாதான் வந்திருக்கான். அதுல ஓட்ட இருக்குன்னு ரொம்ப நாளாவே தெரியும். எடுத்திருந்தா இது நடந்திருக்காது.”

நான் வேணும் என்று சொன்ன அதே புரோகிராம்.

அட்மின் சார் மேடத்தைப் பார்த்தார். “மூணு மாசம் எடுத்துக்கிட்டீங்க. இத ஏன் விட்டீங்க?”

“விட்டது நான்தான் சார்.”

“யாராவது வேணும்னு கேட்டாங்களா? அது லேப் சம்பந்தப்பட்டதாமே?”

டாக்டரம்மா உடனே, “நாங்க அத யூஸ் பண்றதே இல்ல சார்” என்றவர், என் பக்கம் திரும்பினார். “பண்றோமா?”

“இல்ல டாக்டர்” என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையை நான் சொன்னபோது மேடம் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. யாரைக் கேட்டார், எப்போது கேட்டார், யார் வேண்டும் என்றார்கள், அத்தனையும் பேர் போட்டு எழுதி வைத்த அந்த நீள நோட்டு எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். கேன்டீனுக்குக்கூட அதோடுதான் வருவார். அன்று வெறுங்கையோடு வந்திருந்தார்.

“என் முடிவு சார். தப்பாயிடுச்சு” என்றார்.

அந்த வாரமே அவரை ஓ.பி. கவுண்டருக்கு மாற்றினார்கள். புது நோயாளிகளுக்குப் பேர், ஊர், வயது கேட்டுச் சீட்டு எழுதுகிற இடம். சர்வரைச் சென்னைக் கம்பெனியே பார்த்துக்கொள்வதாக ஆயிற்று. என்ஜினீயர் சொன்னபடி ஒரு மணி நேரத்தில் முன்னூறு பேக்கேஜை எடுத்தார். அவர் எடுத்ததில் பெரும்பாலும் சரியாகவே எடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு யாரும் உள்ளே வரவில்லை. கூட்டுகிறவர்களின் பட்டியல் மட்டும் நின்றுபோயிற்று. அது ஆபீஸில் யாருக்கும் தெரியாது. மறுவாரம் காலையில் கேட்டருகே இரண்டு பெண்கள் மேஸ்திரியோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மேடம் கவுண்டரில் உட்கார்ந்த பிறகு நான் அந்த வழியாகப் போவதைத் தவிர்த்தேன். லேப்புக்குப் பின்கட்டு வழியாகவும் போகலாம். ஒரு மாதம் அப்படிப் போனேன். மத்தியானங்களில் லேப் அமைதியாக இருந்தது. பாட்டெல்லாம் சர்வரோடு போய்விட்டது. டேப்பிலிருந்து திரும்ப வந்திருக்கலாம், நான் தேடவில்லை. ஸ்லைடைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், எண்ணிக்கை நூறைத் தாண்டியதும் தப்பிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கவுண்டருக்குப் போனேன். ‘இடைவேளை’ என்ற அட்டையை வைத்துவிட்டு உள்ளே எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. உட்காராமல் நின்றேன்.

“மேடம், அந்தப் புரோகிராம் லேப் வேலைக்கு இல்ல. நான் பாட்டு வெச்சிருந்தேன். அதுக்குத்தான் வேணும்னு சொன்னேன்.”

“தெரியும்” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“உன்னக் கேட்ட அன்னைக்கே உள்ள போய்ப் பாத்தேன். வேணும்னு சொன்னா இன்னாத்துக்குன்னு பாக்காம விடுவேனா? ரிசல்ட் ஃபோல்டருக்குள்ள நாப்பது பாட்டு இருந்துது.”

“தெரிஞ்சுமா விட்டீங்க?”

“ஆமா.” சாதத்தைப் பிசைந்தபடி இருந்தார். “தெனம் மத்தியானம் உங்க லேப்ப தாண்டிப் போவேன். நீ குனிஞ்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே இருப்ப. பாட்டு மெல்லமா கேக்கும். இதுவும் ஒரு தேவதானேன்னு நெனச்சேன். வேலைக்கு வேணும்னாதான் தேவையா? அப்படி நெனச்சு விட்டேன்.” ஒரு வாய் சாப்பிட்டார். “அந்தப் பாட்ட வேற எடத்துல வெச்சுக் குடுத்திருக்கலாம். பத்து நிமிஷ வேல. குடுத்துட்டு அந்தப் புரோகிராம எடுத்திருக்கணும். அது ஓட்டன்னு எனக்கும் தெரியும். உன்னக் கூப்பிட்டு பொய் சொன்னியான்னு கேக்க சங்கடப்பட்டேன். அங்கதான் கெட்டுது.”

“நான் அட்மின் சார்கிட்ட சொல்றேன் மேடம்.”

“சொல்லேன். சொன்னா உன்னையும் மாத்துவாங்க. அவ்ளோதான். அதனால ஆவப்போறது ஒண்ணுமில்ல.” தண்ணீர் குடித்தார். “அந்தக் கட்டிங் மாஸ்டர் பொண்ணு தெரியும் இல்ல? அவங்கப்பாகிட்ட நான் சொல்லிட்டேன். இங்கதானே வந்து நிப்பாங்க சீட்டுக்கு. இந்த மாதிரி, எடுக்க வேண்டியத நான் எடுக்காம விட்டேன், அதனாலதான் உங்க பொண்ணுக்கு ரெண்டாவது தடவ ஊசின்னு சொன்னேன்.”

“அவர் இன்னா சொன்னாரு?”

“ரொம்ப நேரம் என்னப் பாத்தாரு. அப்புறம், சொன்னீங்களே, அது போதும்னாரு. பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டாரு.”

டப்பாவை மூடினார். “செவ்வாக்கெழம ஒம்பது மணிக்கு வருவாங்க” என்றார். நீ போ என்றோ, சொல்லு என்றோ சொல்லவில்லை. அட்டையை எடுத்து வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டேன். தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை லேப்பிலேயே இருந்தேன். குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேறொருத்தியை அனுப்பினேன். மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு முன்பக்கம் போனேன்.

கவுண்டர் எதிரே பெஞ்சில் அப்பாவும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. நான் எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே கிட்டே போனேன். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அந்தக் குழந்தை ஒன்றும் கேட்காமல் கவுன் கையை மேலே சுருட்டி, கையை நீட்டிக்கொண்டது.

“இன்னும் இல்லடா கண்ணு” என்றேன். கையைப் பிடித்து, சுருட்டியதை இறக்கிவிட்டேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டு வைத்திருந்ததை, வேண்டும் என்று பொய் சொன்னதை, இல்லை டாக்டர் என்றதை. அவருக்குச் சர்வரும் புரோகிராமும் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. “பாட்டா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். போதும் என்று என்னிடம் சொல்லவில்லை.

நான் எழுந்தபோது கவுண்டரிலிருந்து மேடம் நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. பிறகு குனிந்து, குழந்தையின் பெயரைச் சீட்டில் எழுதி, நம்பரைச் சொல்லாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.